இறப்பர்ப் பால் படலத்தில் மனிதக் கலம் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயிரியல், இரசாயனவியல் செயற்றிட்டம் செய்யும் மாணவர்களுக்கும் ஆய்வுகூட உதவியாளர்களுக்கும் எழுதியது. செறிவாக்கிய இறப்பர்ப் பாலை மெல்லிய படலமாக வார்த்து, கழுவி, கிருமியழித்து, அதன்மேல் மனிதத் தோலின் நார்க்கலங்களை (இணைப்பிழையத்தை உருவாக்கும் கலங்களை) வளர்ப்பது வரை வரும் கேள்விகள் இதில் உள்ளன. எடுத்துக்காட்டுக்கு நார்க்கலத்தைத் தேர்ந்தது, அது சற்றுப் பிழை பொறுக்கும் கலம் என்பதால்.

பிளாத்திக்குக் கிண்ணம் இருக்கும்போது இறப்பர் எதற்கு?

கலங்கள் தாம் உட்கார்ந்திருக்கும் தளத்தின் விறைப்பை உணர்கின்றன. அதற்கேற்பப் பரவுகின்றன, சுருங்குகின்றன, பிரிகின்றன. வழக்கமான கலவளர்ப்புக் கிண்ணம் பொலிஸ்ரைரீன். அதன் யங்கின் மட்டு, அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 3 கிகாபஸ்கால். இறப்பர்ப் படலம் 1 மெகாபஸ்கால் அளவில் நிற்கும், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல் மென்மையானது. ஆனாலும் தசை இழையம் பத்துக் கிலோபஸ்கால் அளவுதான் என்பதால், "இறப்பர் உடலைப் போன்றது" என்று எழுதிவிட வேண்டாம். அது இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

உண்மையான பலன் இழுவையில் இருக்கிறது. இதயம், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, தோல் எல்லாம் விரிந்து சுருங்கும் இடங்கள். கலங்கள் ஒட்டியிருக்கும் தளத்தையே 5 முதல் 15% வரை, செக்கனுக்கு ஒருமுறை இழுத்து விட்டால் அவை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். பொலிஸ்ரைரீனில் இது நடக்காது. பலரும் இதற்குச் சிலிக்கன் இறப்பர் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டிலேயே விளையும் பால் அதே வேலைக்கு உதவுமென்றால் அதைச் சரியாகச் சோதித்துப் பார்ப்பது பெறுமதியான முயற்சி.

இறப்பர் கலங்களைக் கொல்லும் என்றுதானே படித்தோம்?

பல ஆய்வுகூடங்களில் இறப்பர்க் கையுறைத் துண்டை "கலங்களைக் கொல்லும் பொருள்" என்ற நேர்க் கட்டுப்பாடாகவே வைக்கிறார்கள். ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் கொல்வது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இறப்பர் என்பது சிஸ்-1,4-பொலிஐசோபிரீன்; நீண்ட ஐதரோகாபன் சங்கிலி. அது நீரில் கரையாது, கலத்துக்குள் போகாது. கொல்பவை அதனோடு கூட வருபவை: பாலைப் பாதுகாக்கச் சேர்த்த அமோனியா, உறுதிப்படுத்தச் சேர்த்த சவர்க்காரம், நாக ஒட்சைட்டிலிருந்து வரும் நாக அயன்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வல்கனைசுப்படுத்தலை (இறப்பர்ச் சங்கிலிகளைக் கந்தகம் போன்றவற்றால் குறுக்கே இணைத்து உறுதியாக்குவதை) விரைவாக்கும் டைதயோகாபமேற்று ஊக்கிகள்.

மருத்துவப் பொருள்களின் கல நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10993-5 நியமத்தைப் பாருங்கள். அதில் நேர்க் கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று, நாக டைஎதில்டைதயோகாபமேற்று கலந்த பொலியுரேதேன் படலம். அங்கே இறப்பரே இல்லை, ஊக்கி மட்டும்தான். கலங்கள் சாகின்றன. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் மனதில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள். இறப்பரில் மிஞ்சிக் கிடப்பதை வெளியேற்றுவதுதான் வேலையின் பெரும்பகுதி.

அப்படியானால் மருந்துக்கடைக் கையுறையை வெட்டிக் கழுவிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். என்ன ஊக்கி, எவ்வளவு, மேலே என்ன பூச்சு, குளோரின் ஏற்றப்பட்டதா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. பலூனும் அப்படியே. கட்டுப்பாட்டுப் பொருளாக ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மிகவும் பொருத்தம்.

திருகோணமலையில் இறப்பர் மரமே இல்லையே, பால் எங்கே எடுப்பது?

ஆசியாவில் இறப்பர் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்கா, ஆண்டு 1876. ஆனால் மரம் விரும்புவது ஈரவலயத்தை. கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்கள்தான் அதன் வீடு. இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் களுத்துறை மாவட்டத்து அகலவத்தையில் இருக்கிறது. நமக்கு வருவது அங்கிருந்து மையநீக்கம் செய்து செறிவாக்கிய பால். மரத்திலிருந்து வடியும் பாலில் உலர் இறப்பர் 30 முதல் 40% வரை, செறிவாக்கியதில் 60%.

பயணத்தில்தான் பெரும்பாலும் பால் கெடுகிறது. உயரடர்த்திப் பொலித்தீன் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வாங்குங்கள். மேலே காற்றிடம் இருந்தால் அமோனியா அங்கே ஏறிவிடும், குலுங்கும்போது தோலும் படியும். பித்தளை, செம்பு தொட்ட எந்தப் பாத்திரமும் கூடாது: செம்பு அயன் இறப்பரின் ஒட்சியேற்றத்தைத் தூண்டும், பிறகு படலம் பிசுபிசுக்கும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பகல் வெயிலில் வான் பின்பக்கம் போட்டு வராமல் இரவு ரயிலில் கொண்டுவருவது நல்லது. வந்ததும் நிழலில், அறைவெப்பநிலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தால் பால் திரளும், திரண்டது திரும்பாது.

எந்த வகைப் பால் கேட்டு வாங்குவது?

உயர் அமோனியா வகையைக் கேளுங்கள். அதில் அமோனியா ஏறத்தாழ 0.7%, அது ஆவியாகும், கழுவினால் போகும். தாழ் அமோனியா வகையில் அமோனியா 0.2 அல்லது 0.3% தான் என்பதால் மென்மையானது என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைவை ஈடுசெய்யப் பொதுவாக தையுராம் என்ற ஊக்கிச் சேர்மமும் நாக ஒட்சைட்டும் சேர்த்திருப்பார்கள். கலத்துக்கு அது மோசமான பேரம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வல்கனைசுப்படுத்தாத படலம் ஒரு வார நிலையான வளர்ப்புக்குப் போதும். இழுத்து விடும் பரிசோதனைக்குப் போதாது. அது மெல்ல நீண்டு, பழைய அளவுக்குத் திரும்பாது. அப்போது காமாக் கதிரால் முன்வல்கனைசுப்படுத்திய பாலை நாடலாம்: அதில் கந்தகமும் இல்லை, ஊக்கியும் இல்லை. ஆனால் கதிருக்கு எளிதில் இணங்கச் செய்யச் சேர்க்கும் பியூற்றைல் அக்கிரிலேற்றின் மிச்சம் இருக்கும். அதையும் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஒரு கிண்ணத்துக்கு எவ்வளவு பால்?

கணக்கு எளிது. 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிப் பெற்றிக் கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 63.6 சதுர சென்ரிமீற்றர். 0.2 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டுமென்றால் 1.27 கன சென்ரிமீற்றர் இறப்பர். அடர்த்தி 0.92, ஆக 1.17 கிராம். பாலை 20% உலர் இறப்பருக்கு ஐதாக்கியிருந்தால் ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் ஊற்ற வேண்டும்.

60% பால் 1 பங்கு, நீர் 2 பங்கு: 20% கிடைக்கும். அந்த நீர் காய்ச்சி வடித்ததாக, 0.2% அமோனியா சேர்த்ததாக இருக்கட்டும். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவரும் கல்சியமும் அதிகம். கல்சியம், மகனீசியம் அயன்கள் பாற்றுணிக்கைகளின் எதிரேற்றத்தைக் குலைத்துவிடும். ஊற்றிய உடனேயே அரிசிக் குருணைபோல் கட்டிகள் தோன்றும்.

போத்தலில் எழுதியிருக்கும் 60% ஐ நம்பாமல் மொத்தத் திண்மத்தை நீங்களே பாருங்கள்: 2 கிராம் பாலை அகன்ற தட்டில் நிறுத்து, 70 பாகை செல்சியசில் 16 மணித்தியாலம் உலர்த்தி மீண்டும் நிறுங்கள். விடை உலர் இறப்பரைவிட ஒன்றரை, இரண்டு வீதம் கூடத்தான் வரும்; புரதம், சர்க்கரை போன்றவை அதில் சேர்கின்றன.

படலத்தில் குமிழியும் வெடிப்பும் வருகின்றன. ஏன்?

குமிழி, கலக்கியதால். கம்பியால் அடிக்காமல் கண்ணாடிக்கோலால் மெல்லச் சுழற்றி, நைலோன் வலையால் வடித்து, ஒரு மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு, கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டபடி ஊற்றுங்கள். கிண்ணம் இருக்கும் மேசையை நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீற்றர் சரிவிலேயே ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கணிசமாகத் தடித்துவிடும்.

வெடிப்பும் சுருக்கமும் காற்றினால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு சில மணித்தியாலத்திலேயே தோல் கட்டிவிடும். உள்ளே நீர் சிறைப்படும். யன்னலைச் சாத்தி, ஊசியால் இருபது துளையிட்ட அலுமினியத் தாளால் கிண்ணத்தை மூடுங்கள். தூசியும் விழாது. வாடை மழைக்காலத்தில் நிலைமை நேர்மாறு: இரண்டு நாளில் காய வேண்டியது நான்கு நாள் எடுக்கும், அதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

காய்ந்த படலம் வெளிர்தேன் நிறத்தில், கீழே வைத்த எழுத்து தெரியுமளவு தெளிவாக இருக்கும். பால் வெண்மையான திட்டு தெரிந்தால் அங்கே நீர் இருக்கிறது. தெளிந்த பின்பு 50 பாகையில் 2 மணித்தியாலம் வைத்து முடியுங்கள்.

கிண்ணத்திலிருந்து உரிக்கும்போது நீரை நிரப்பி, நீருக்கு அடியிலேயே உரியுங்கள். உலர்ந்த படலம் தன்மேல் தானே மடிந்து தொட்டால் அவ்வளவுதான், பிரிக்கவே முடியாது. ஒட்டாமலிருக்க மாவு தூவும் பழக்கம் இங்கே கூடாது.

இன்னொன்று: படலத்துக்கு இரண்டு முகம் உண்டு. நீர் ஆவியாகும் பக்கத்துக்கு நகரும்போது கரையும் புரதங்களையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. காற்றுப் பக்கம் ஒரு மாதிரி, கண்ணாடிப் பக்கம் இன்னொரு மாதிரி. எந்த முகத்தில் கலம் இட்டீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதாவிட்டால் முடிவுகள் மாறி மாறி வரும், காரணம் புரியாது. ஒரு மூலையைச் சாய்வாக வெட்டி அடையாளம் வையுங்கள்.

எப்படிக் கழுவுவது? எப்போது போதும் என்று தெரியும்?

ஒரு கிராம் படலத்துக்கு 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர். 60 பாகை செல்சியஸ். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதாது; அதைவிட நன்றாகச் சுட வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி 6 முறை. பிறகு இரவு முழுதும் அறைவெப்பநிலையில் புதிய நீரில். படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தால் நடுவிலிருப்பவை கழுவுப்படுவதில்லை. ஒவ்வொன்றையும் தனிக் குவளையில் இடுங்கள். வெப்பம் 70 பாகையைத் தாண்ட வேண்டாம், வல்கனைசுப்படுத்தாத படலம் மென்மையாகிப் பிசுபிசுக்கத் தொடங்கும்.

கழுவும்போது படலம் வெண்மையாகும். பயப்பட வேண்டியதில்லை, நீரை உறிஞ்சியிருக்கிறது, உலர்ந்தால் தெளியும்.

போதுமா என்பதை நேரத்தால் அல்ல, நீரால் தீர்மானியுங்கள். ஒவ்வொரு கழுவுநீரின் மின்கடத்துதிறனையும் அளந்து எழுதுங்கள். முதல் நீரில் எண் பாய்ந்து ஏறும்; பின் இறங்கிக்கொண்டே வரும். கடைசி நீரும், அதே வெப்பத்தில் படலமின்றி வைத்த நீரும் ஒரே எண்ணைக் காட்டும்போது உப்பும் அமோனியாவும் போய்விட்டன. கரைதிறன் குறைந்த சேர்மங்களை இது காட்டாது. ஆகவே இரண்டாவது சோதனை: படலத்தைக் கலமில்லாத வளர்ப்பூடகத்தில் 37 பாகையில் 24 மணித்தியாலம் ஊறவையுங்கள். 0.5 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்புக்கு ஐ.எஸ்.ஓ. விகிதம் மில்லிலீற்றருக்கு 6 சதுர சென்ரிமீற்றர். செம்மஞ்சள் கலந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஊடகம் ஊதாச் சிவப்பானால் காரம் இன்னும் கசிகிறது. நிறம் மாறாவிட்டால் அந்த ஊடகத்தைப் பிளாத்திக்கில் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் கலங்களின்மேல் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். கட்டுப்பாட்டோடு ஒப்பிட உயிர்ப்பு 70% க்குக் கீழே போனால் அந்த நியமப்படி அது நச்சு. திரும்பக் கழுவுங்கள். இந்தச் சாற்றுச் சோதனையைத் தாண்டாத படலத்தில் கலம் இடுவது கலத்தையும் ஊடகத்தையும் வீணாக்குவது.

கிருமியழிக்க ஒட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கருவி) சரியா?

வல்கனைசுப்படுத்தாத படலத்துக்குச் சரியல்ல. 121 பாகையில் அது உருகிச் சுருண்டு ஒட்டும். வல்கனைசுப்படுத்தியது தாங்கும், ஆனால் ஒட்சியேற்றம் கூடும், உள்ளிருந்து மிச்சங்கள் மேலும் வெளிவரும். நாள்தோறும் செய்ய எளியது 70% எதனோலில் 30 நிமிடம், பின் கிருமிநீக்கிய பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் 3 முறை அலசல். எதனோல் வித்திகளைக் கொல்லாது என்பதை மறக்க வேண்டாம். பூஞ்சணம் கண்ட தொகுதியை எதனோலால் காப்பாற்ற முடியாது, எறியுங்கள். புறவூதா விளக்கு பக்கத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இறப்பரின் இரட்டைப்பிணைப்புகளை அது தாக்கும். பெரிய தொகுதி என்றால் பியகமவில் காமாக் கதிர்ப்பு நிலையம் இருக்கிறது. மருத்துவப் பொருள்களுக்கு வழமையான அளவு 25 கிலோகிறே. அந்தக் கதிர் இறப்பரைச் சிறிது குறுக்கிணைக்கவும் செய்யும், ஆகவே கதிர்ப்பட்டதையும் படாததையும் ஒப்பிடாதீர்கள்.

ஊடகத்தில் படலம் மிதக்கிறதே?

அடர்த்தி 0.92, மிதக்கத்தான் செய்யும். மிதந்தால் கலங்கள் படலத்துக்குக் கீழே போய்ப் பிளாத்திக்கில் வளரும், நீங்கள் "இறப்பரில் அருமையாக வளர்ந்தது" என்று எழுதிவிடுவீர்கள். படலத்தை வளர்ப்புத் தட்டின் குழியின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மேலே கிருமிநீக்கிய கண்ணாடி அல்லது கறையில் உருக்கு வளையம் வைத்து அழுத்துங்கள். ஈரமான இடுக்கியால், ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்து இறக்கினால் அடியில் காற்றுக்குமிழி தங்காது. கலங்களை வளையத்துக்குள் மட்டும் இடுங்கள்.

கலங்கள் ஒட்ட மேற்பூச்சு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். நன்றாகக் கழுவிய படலம் நீரை விலக்கும். துளி பரவாமல் முத்துப்போல் நிற்கும். 0.1% ஜெலற்றின் கரைசலில் 37 பாகையில் ஒரு மணித்தியாலம் ஊறவைப்பது மலிவான வழி. கலங்கள் பற்றிக்கொள்ளும் புரதமான பைப்ரோனெக்ரின் என்றால் மில்லிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் போதும். பிளாஸ்மாவால் (அயனாக்கிய வாயுவால்) மேற்பரப்பை நீர்விரும்பியாக்கலாம். ஆனால் சங்கிலிகள் புரண்டு சில நாளில் பழையபடி நீர்விலக்கியாகும். அன்றே பயன்படுத்துங்கள்.

பிறகு சதுர சென்ரிமீற்றருக்கு 8,000 கலம், 10% கன்றுச் சீரம் சேர்த்த டல்பெக்கோ ஊடகம், 37 பாகை, 5% காபனீரொட்சைட்டு. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் குழியில் வெறும் பொலிஸ்ரைரீன், இன்னொன்றில் அதே பூச்சிட்ட பொலிஸ்ரைரீன். இந்த இரண்டும் இல்லாமல் எந்த முடிவையும் எழுத முடியாது.

அடுத்த நாள் பார்த்தால் கலங்கள் உருண்டையாக மிதக்கின்றன. என்ன பிழை?

இரண்டில் ஒன்று: நஞ்சு, அல்லது பிடிமானமின்மை. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மருந்து முற்றிலும் வேறு. மிதக்கும் கலங்களை உறிஞ்சி எடுத்து, 0.4% திரிப்பான் நீலத்தைச் சம அளவு கலந்து எண்ணுங்கள். நீலமானவை செத்தவை. பெரும்பாலானவை நீலமென்றால் கழுவலுக்குத் திரும்புங்கள். பெரும்பாலானவை நிறமேறாமல் பளிச்சென்று இருந்தால் அவற்றைச் சுத்தமான பிளாத்திக்குக் குழியில் இட்டு மாலையில் பாருங்கள். அங்கே தட்டையாகப் படுத்து நீண்டிருந்தால் கலத்தில் குறையில்லை, படலத்தில் நஞ்சுமில்லை, பூச்சுத்தான் போதவில்லை.

மூன்றாவது வகையும் வரும்: ஒருநாள் நன்றாக ஒட்டிப் பரவி, மூன்றாம் நாள் கழன்று விழுவது. அது மெதுவான கசிவின் அடையாளம். தடிப்பான படலங்களில் அதிகம்.

எம்.ரி.ரி. சோதனையில் பிளாத்திக்கைவிட இறப்பர் கூடக் காட்டுகிறது. நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். எம்.ரி.ரி. மஞ்சள் சாயம்; உயிருள்ள கலம் அதை ஊதா போமசானாகத் தாழ்த்தும். ஆனால் தயோல் (கந்தகம்-ஐதரசன்) கூட்டமுள்ள சேர்மங்களும் கலமின்றியே அதைத் தாழ்த்தும். கலமில்லாத படலத்துக்கும் எம்.ரி.ரி. இட்டு 570 நனோமீற்றரில் வாசித்து அந்த எண்ணைக் கழியுங்கள். சாயமிடுவதற்கு முன் படலத்தைப் புதிய குழிக்கு மாற்றினால் அடிப் பிளாத்திக்கில் ஒட்டிய கலங்கள் கணக்கில் சேராது. ஊதா நிறம் படலத்துக்குள் ஊறித் தங்கினால் எண் குறையும்; போமசானைக் கரைத்தெடுக்கும் கரைப்பானை இருமுறை மாற்றி இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

நுணுக்குக்காட்டியில் மங்கலாகத் தெரிகிறது.

படலம் ஒளியைச் சிதறடிக்கிறது. 0.1 மில்லிமீற்றருக்கு மெலிதாக வார்த்தெடுங்கள். கலங்களை இரசாயனத்தால் நிலைநிறுத்திச் சாயமிட்ட பின் படலத்தைக் கவிழ்த்து, கலப்பக்கம் மூடித்துண்டைத் தொடும்படி வைத்துப் பாருங்கள். ஒளிர்சாயம் என்றால் சாயமிடாத வெறும் படலத்தையும் அதே அமைப்பில் படமெடுங்கள். தானாக ஒளிர்வதைக் கலத்தின் ஒளிர்வென்று எண்ணிவிடக் கூடாது.

காபனீரொட்சைட்டு உருளை தீர்ந்துவிட்டது, மின்சாரமும் நின்று நின்று வருகிறது. வேலையை நிறுத்துவதா?

லைபோவிட்ஸ் எல்-15 ஊடகம் சாதாரண வளியில் வேலை செய்யும், காபனீரொட்சைட்டு வேண்டாம். மின்வெட்டின்போது கலவளர்ப்புப் பெட்டியின் (இன்கியுபேற்றரின்) கதவைத் திறக்காதீர்கள். உள்ளே 37 பாகை நீர்ப் போத்தல்கள் நான்கைந்தை எப்போதும் வைத்திருந்தால் வெப்பம் மெல்லத்தான் இறங்கும்.

கலம் நன்றாக வளர்ந்தால் அந்தப் படலத்தைக் காயத்தில் வைக்கலாமா?

கூடாது. கிண்ணத்தில் கலம் வளர்வது ஒன்று, மனித உடல் ஏற்பது வேறொன்று. இறப்பர்ப் பாலின் புரதங்கள் சிலருக்கு உடனடி ஒவ்வாமையைக் கிளப்பும். மூச்சுத்திணறல், உயிராபத்து வரை போகும். முள்ளந்தண்டுப் பிளவோடு பிறந்து பலமுறை சத்திரசிகிச்சை பெற்றவர்களிடமும் வைத்தியசாலைப் பணியாளர்களிடமும் இது கூடுதல். கிண்ணத்திலுள்ள நார்க்கலத்துக்கு நோயெதிர்ப்புத் தொகுதி கிடையாது, அது எச்சரிக்காது. ஆய்வுகூடத்தில் உங்களுக்கும் இதே கவனம் வேண்டும்: நைத்திரைல் கையுறை அணியுங்கள். வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கும் ஒருவர் இந்த வேலையில் இறங்குமுன் வைத்தியரிடம் கேட்கட்டும்.

மனிதக் கலங்களை எங்கே பெறுவது?

வணிகக் கலவரிசையாக வாங்குங்கள். சத்திரசிகிச்சையில் அகற்றிய தோலிலிருந்து எடுப்பதானால், நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதியும் கொடுத்தவரின் சம்மதமும் முதலில். தெரிந்த தாதியிடம் கேட்டு வாங்குவது வழியல்ல.

மிஞ்சியதை எப்படி அப்புறப்படுத்துவது?

கலம் பட்ட படலமும் ஊடகமும் 0.5% சோடியம் ஐப்போகுளோரைற்றில் 30 நிமிடம். மிஞ்சிய பாலைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் திரண்டு அடைத்தால் குழாயையே மாற்ற வேண்டும். வாளியில் இட்டு, 2% அசற்றிக் அமிலத்தைக் கிளறிக்கொண்டே சேர்த்தால் தயிர்போல் திரளும். திரளையைப் பிழிந்து திண்மக் கழிவில் போட்டு, தெளிந்த நீரை நடுநிலையாக்கிய பின் விடுங்கள். அமோனியாப் பாலில் ஐப்போகுளோரைற்றைக் கலக்கவே கூடாது: குளோரமீன் வாயு வரும்.